பின்னால் ஒட்டிய காகிதம்

நிரம்பிப் போகிற வேன் காலியாகத் திரும்பும். அதுதான் வழக்கம். அந்தத் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, காலையில் போன வேன் போன மாதிரியே வயிறு புடைக்கத் திரும்பி வந்து அட்டைப்பெட்டிப் பட்டறை வாசலில் நின்றது.

டிரைவர் இறங்கும்போதே குரல் கொடுத்தார். "யாராச்சும் வந்து இறக்குங்கப்பா. ஒரு கட்டு விடாம திருப்பி அனுப்பிட்டாங்க. சோப்புக் கம்பெனியில புது மெஷின் வந்திருக்கு. நம்ம பெட்டிய அது வாயில வெச்சா துப்புதாம்."

வெட்டு மெஷினுக்கு முன்னால் நின்றிருந்தவளின் கை பாதியில் நின்றது. பட்டறையில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். நடந்தால் சத்தம் வராது, வாயைத் திறந்தாலும் அநேகமாக வராது. அன்றைக்கு அவள் நெஞ்சு மட்டும் ஊருக்கே கேட்கும்படி அடித்துக்கொண்டது.

முதலாளி ஒரு கட்டைப் பிரித்து, தட்டையாக இருந்த பெட்டி ஒன்றை விரித்து மேஜையில் நிறுத்தினார். அது நேராக நிற்காமல் குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. மூடியும் தானாக உள்ளே விழுந்தது.

"பெட்டியா இது? தூங்கி வழியுது," என்றார். மடிப்புக் கோட்டை நகத்தால் வருடிப் பார்த்தார். "கோடு ரொம்ப ஆழமா விழுந்திருக்கு. கைல மடிக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியல. மெஷின் வந்ததும் மாட்டிக்கிட்டோம். டைக்காரரே, இங்க வாங்க."

டைக்காரர் வந்தார். அவர் வேறு யாருமில்லை, பூனையின் அக்கா வீட்டுக்காரர். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். வெட்டு மெஷினில் மாட்டுகிற டை எல்லாம் அவர் கையால் செய்தவை. மரப்பலகையில் இரண்டு வகைத் தகடுகளைப் பதித்திருப்பார். கூரான தகடு அட்டையை வெட்டும், மழுங்கிய தகடு மடிக்க வேண்டிய இடத்தில் கோடு போடும். மழுங்கிய தகடு ஒரு நூல் உயர்ந்தாலும் கோடு ஆழமாகிவிடும்.

"உங்க தகடு உசந்துபோச்சு," என்றார் முதலாளி.

"என் தகடு இம்மி கூட உசரல. வேணும்னா அளந்து பாத்துக்கலாம்."

"வியாழக்கிழமை அவங்க எஞ்சினியர் நேர்ல வர்றார். அவர்கிட்ட அளந்து காட்டுங்க. நம்ம வேலைல பாதிக்கு மேல அந்தக் கம்பெனிதான். தப்பு டையிலதான்னு ஆச்சுன்னா, இனிமே டைய நான் வெளியில செய்யக் கொடுத்துடுவேன். உங்களுக்கும் எனக்கும் அத்தோட சரி."

மாமாவின் முகம் வெளுத்துப் போனதைப் பூனை பார்த்தாள். தகட்டில் தப்பு இல்லை என்று பட்டறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் அவர். இன்னொருத்தி அவள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. அன்றைக்கு வேனில் ஏற்றி இறக்குகிற ஆள் வரவில்லை என்று எண்ணிக்கைச் சீட்டைக் கொடுத்து இவளை அனுப்பினார்கள். அங்கே சோப்புக் கம்பெனியின் பேக்கிங் அறையைப் பார்த்தாள். நீள மேஜையைச் சுற்றிப் பதினோரு பெண்கள் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கட்டைவிரலிலும் பிளாஸ்திரி. அட்டை விறைப்பாக எதிர்த்து நிற்கும், அவர்கள் விரலால் அழுத்தி மடக்குவார்கள். ஒரு பெட்டிக்கு நாலு மடிப்பு. ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பேக்கிங் சூப்பர்வைசர் பெரிய உடம்புக்காரி, எல்லோருக்கும் பேக்கிங் அக்கா. இவள் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டுத் தன் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினாள். "என்ன அப்படிப் பாக்குற? இதுதான் எங்க கம்பெனி போட்டுவிட்ட நகை."

திரும்பி வந்தவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளியிடம் போய், கோட்டைக் கொஞ்சம் ஆழமாகப் போடலாமா என்று கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பது என்றால் அவர் அறை வாசலில் போய் நிற்க வேண்டும், அவர் நிமிர்ந்து பார்ப்பார், இவள் வாயைத் திறக்க வேண்டும். அதற்குப் பேசாமல் செய்துவிடுவது எவ்வளவோ சுலபம். மறுநாள் டீ குடிக்கப் போகிற நேரத்தில், மெஷினின் அடித்தட்டில், கோடு விழுகிற இடங்களுக்கு நேராக மெல்லிய காகிதப் பட்டைகளை வெட்டி ஒட்டினாள். பின்னால் அந்த ஒரு தாள் கனம் கூடியதும் முன்னால் கோடு ஆழமாக விழுந்தது. பெட்டி தொட்டால் மடங்கிற்று. சோப்புக் கம்பெனி வேலை முடிந்ததும் பட்டைகளை உரித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். ஒட்டப் பத்து நிமிடம், உரிக்க ஐந்து நிமிடம். இரண்டு வருடமாக அந்தக் கம்பெனி வேலை ஓடிய நாளெல்லாம் அவள் டீ குடித்ததில்லை.

ஒரு மாதம் கழித்துப் பட்டறைக்கு ஒரு போன் வந்தது. மெஷினில் நிற்கிற பொண்ணைக் கூப்பிடச் சொன்னார்கள். பேக்கிங் அக்காதான்.

"இப்பல்லாம் பிளாஸ்திரி தேவைப்படல," என்றாள். அதைப் பற்றி அவள் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். உடனே குரலைத் தாழ்த்தி, "அடுத்த மாசம் பெரிய சைஸ் ரெண்டு மடங்கு கேப்பாங்க. ஆர்டர் கைக்கு வர்றதுக்குள்ள அட்டை கிடைக்காது. இப்பவே வாங்கி வெச்சுக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத," என்றாள்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை இப்படி ஒரு போன் வரும். பூனை அதை டிரைவர் காதில் போடுவாள், டிரைவர் தானே கண்டுபிடித்தது மாதிரி முதலாளியிடம் சொல்லுவார். பட்டறை ஒரு தடவைகூடத் தாமதமாகப் பெட்டி அனுப்பியதில்லை. தன் சாமர்த்தியம் என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார்.

போன மாதமும் போன் வந்தது. "பெரிய சைஸ் மடிக்க மெஷின் வருதாம். எப்பன்னு தெரியல," என்று பேக்கிங் அக்கா சொல்லியிருந்தாள். மெஷினுக்குக் கட்டைவிரல் கிடையாது என்பது பூனைக்குத் தோன்றவே இல்லை. அவள் பட்டை ஒட்டுவதை நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மாமா டையை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு அறை வீடு, பூனையும் அங்கேதான் இருந்தாள். ஒரு அறையின் தரை முழுவதையும் பலகை அடைத்துக்கொண்டது. அவர் அளவுகோலை வைத்து ஒவ்வொரு தகடாக அளந்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் அளந்தார்.

"அதையே கட்டிப்புடிச்சுத் தூங்குங்க," என்றாள் அக்கா. "சாப்பாடு ஆறி அவலாப் போச்சு."

"எல்லாம் சரியா இருக்குடி. சரியா இருக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு. எனக்குத்தான் கண்ணு போயிடுச்சோ?"

"கண்ணு போனா கண்ணாடி போட்டுக்கலாம். ரோஷத்துல வேலைய விட்டுட்டு வந்துடாதீங்க. உங்களுக்கு வேற ஒரு இடத்துல போய்க் கையக் கட்டி நிக்கத் தெரியாது."

மாமா திரும்பிப் பார்த்தார். "பூனை, நீ மெஷின்ல நிக்கிறவ. நீயே சொல்லு. டைய ஒழுங்கா மாட்டினியா?"

"மாட்டினேன் மாமா."

"அழுத்தத்தக் கூட்டினியா?"

"இல்ல மாமா."

இரண்டும் சத்தியம். வேறு ஒரு கேள்வி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவள் வாய் வரைக்கும் வந்தது. சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். அக்கா ஏதோ சொல்லிச் சிரித்தாள், என்னவென்று அவள் காதில் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய சைஸில் புது லாட் ஓட்ட வேண்டியிருந்தது. பட்டை ஒட்டாமல் ஓட்டினாள். பெட்டி சிப்பாய் மாதிரி விறைத்து நின்றது. அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தாள். யாரும் எதுவும் சொல்லாமலே, யாருக்கும் எதுவும் தெரியாமலே, எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஆகவில்லை. முதலாளி நேற்றைய பெட்டியையும் இன்றைய பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கழுத்து சிவந்தது.

"அதே டை. அதே அட்டை. நேத்து தொய்ஞ்சு விழுந்தது இன்னிக்கு எப்படி நிமிந்துச்சு? நேத்து டைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனது யாரு?"

மாமா இரண்டு பெட்டியையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தகட்ட அரத்தால தேய்ச்சுட்டு வந்து நல்லபிள்ளை மாதிரி மாட்டினா எனக்குத் தெரியாதா? தப்பு பண்ணினதுகூடப் பெரிசில்ல. அத மூடி மறைச்சீங்க பாருங்க."

"நான் தொடல. என் பிள்ளைங்க மேல ஆணையா நான் தொடல."

"பிள்ளைங்கள ஏன் இழுக்கிறீங்க? வியாழக்கிழமை எஞ்சினியர்கிட்ட எல்லாத்தையும் எடுத்து வெச்சுடுறேன். மிச்சத்த அப்புறம் பேசிக்கலாம்."

நேற்று வரைக்கும் மாமா கை தவறியவர். இன்றைக்குத் திருட்டுத்தனம் செய்தவர். நடுவில் அவள் செய்தது ஒன்றே ஒன்று, ஒரு காகிதத்தை ஒட்டாமல் விட்டது.

புதன்கிழமை அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஐந்து தடவை முதலாளி அறைப் பக்கம் போனாள். மூன்று தடவை பாதி வழியிலேயே கால் திரும்பிவிட்டது. ஒரு தடவை கதவு வரைக்கும் போய்விட்டாள்.

அவர் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"தண்ணி கேன் தீந்துபோச்சு சார்."

"அத ஏன் எங்கிட்ட சொல்ற? மாத்து."

பாதிக்கு மேல் தண்ணீர் இருந்த கேனைத் தூக்கி இறக்கிவிட்டு, வேறு கேனைத் தூக்கி வைத்தாள். பெட்டிக்குப் பசை தடவுகிற அக்கா அதைப் பார்த்துவிட்டாள். "என்ன பூனை, யாராவது வால மிதிச்சுட்டாங்களா? காலைலேர்ந்து குறுக்கும் நெடுக்கும் அலையிற."

ஐந்தாவது தடவை போனபோது அறை பூட்டியிருந்தது. முதலாளி வீட்டுக்குப் போய்விட்டார். அவளுக்கு அழுகையும் வந்தது, கொஞ்சம் நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவமானமாக இருந்தது. அன்றைக்கு வீட்டில் மாமா அளவுகோலைத் தொடவே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்காவும் அவரைச் சீண்டவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு எஞ்சினியர் வந்தார். சின்ன வயசு, முதுகில் பை. பின்னாலேயே பேக்கிங் அக்கா, இரண்டு கையிலும் சிக்கி நசுங்கிய பெட்டிகளோடு. மேஜையில் டையைக் கிடத்தினார்கள். திங்கட்கிழமைப் பெட்டி, செவ்வாய்க்கிழமைப் பெட்டி. மெஷின் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

எஞ்சினியர் தகட்டை அளந்தார், கோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "டையில தேய்ச்ச அடையாளமே இல்லையே. ஒரே டை ரெண்டு விதமா எப்படிக் கோடு போடும்?"

"அது கைதேர்ந்தவங்களுக்குத்தான் தெரியும்," என்றார் முதலாளி, மாமாவைப் பார்க்காமல்.

மாமா கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். கையைக் கட்டி நிற்கத் தெரியாத மனுஷன்.

பேக்கிங் அக்கா திங்கட்கிழமைப் பெட்டியை எடுத்துக் கட்டைவிரலால் மடக்கினாள். அது சொன்னபடி மடங்கிற்று. செவ்வாய்க்கிழமைப் பெட்டியை மடக்கிப் பார்த்தாள். புருவம் ஏறியது. சுற்றி நின்றவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து பூனையின் முகத்தில் நின்றாள். புரிந்துவிட்டது என்று பூனைக்குத் தெரிந்தது.

"சார்," என்று எஞ்சினியர் பக்கம் திரும்பினாள் பேக்கிங் அக்கா. "இவங்கள விட்டுடுங்க. நான்தான் கேட்டேன். கைல மடிக்க லேசா இருக்கட்டும்னு போன் பண்ணிச் சொன்னேன். மெஷின் வந்ததும் வேணாம்னு சொல்ல மறந்துட்டேன்."

எஞ்சினியர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஆர்டர்ல இல்லாதத நீங்க எப்படிக்கா கேக்கலாம்? மெஷின் மூணு நாளா நிக்குது. ஏற்கெனவே பேக்கிங்ல ஆள் குறைக்கணும்னு மேல பேசிக்கிட்டு இருக்காங்க. இத நான் எழுதாம இருக்க முடியாது." பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

பூனை அந்தப் பேனாவைப் பார்த்தாள். பேச வராது என்று தெரிந்ததும் கால் மெஷின் பக்கம் போனது. செவ்வாய்க்கிழமை ஒட்டாமல் விட்டு வேலைச் சட்டைப் பைக்குள் கிடந்த காகிதப் பட்டையை எடுத்தாள். டையைத் தூக்கி மாட்டினாள். அடித்தட்டில் பட்டையை ஒட்டி ஒரு அட்டையை வைத்து அழுத்தினாள். பட்டையை உரித்துவிட்டு இன்னொரு அட்டையை வைத்து அழுத்தினாள். இரண்டையும் மடித்து மேஜையில் நிறுத்தினாள். ஒன்று சாய்ந்தது. ஒன்று விறைத்து நின்றது.

"அவங்க கேக்கல," என்றாள். தன் குரல் இவ்வளவு கரகரப்பாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. "யாரும் கேக்கல. நானாத்தான் ஒட்டினேன். ரெண்டு வருஷமா. மாமா டைய தொடவே இல்ல."

மாமா பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுவா?" என்றார். "இந்தத் துண்டுக் காகிதமா?"

"எதுக்கு ஒட்டினீங்க?" என்றார் எஞ்சினியர்.

"அவங்க விரலு..." அவள் பேக்கிங் அக்காவின் கையைக் காட்டினாள்.

பேக்கிங் அக்கா பெருமூச்சு விட்டாள். கட்டைவிரலை நீட்டினாள். நகத்துக்குக் கீழே தோல் தடித்து, பழைய வெடிப்பின் தழும்பு கோடு கோடாக இருந்தது. "பதினோரு பேருக்கும் இப்படித்தான் சார் இருந்துச்சு. இவ புண்ணியத்துல ஆறிச்சு. பதிலுக்கு நானும் ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே இவகிட்ட சொல்லிடுவேன். அதையும் எழுதிக்கங்க."

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே," என்றார் எஞ்சினியர். கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது வேறு மாதிரி இருந்தது.

"நீங்க பேக்கிங் அறைக்குள்ள வந்தாத்தானே சார் சொல்றதுக்கு."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எஞ்சினியர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு விறைத்து நின்ற பெட்டியில் கையெழுத்துப் போட்டார். "பெரிய சைஸ் இனிமே இதே மாதிரி வரணும். டை நல்லா இருக்கு. அத அப்படியே எழுதிடுறேன்." பூனையைப் பார்த்தார். "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சிருந்தா மெஷின் நின்னிருக்காது. இனிமே நீங்களா எதையும் மாத்தாதீங்க. சொல்லிட்டு மாத்துங்க."

அவர்கள் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் முதலாளி மாமாவிடம் வந்து ஏதோ முனகினார். மன்னிப்பு என்று அதைச் சொல்ல வேண்டுமானால் சொல்லலாம். மாமா தலையை மட்டும் ஆட்டினார். பூனையிடம் வந்ததும் தலை நிமிர்ந்தது.

"மூணு நாள். எனக்குப் பைத்தியம் புடிச்சுடுச்சோன்னு நெனச்சேன். நீ பக்கத்துல உக்காந்து சோறு சாப்பிட்ட."

"மாமா..."

"அதுகூடப் போகட்டும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரை நாள்ல தனி டையே செஞ்சு கொடுத்திருப்பேன். ஒரு நூல் உசரமா தகடு வெக்கிறதுக்கு எவ்ளோ நேரம்? ரெண்டு வருஷமா டீகூடக் குடிக்காம காகிதம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்க. புத்திசாலி!"

அவர் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே இருந்தார். அவள் அடுத்த ஆர்டர் சீட்டை எடுத்தாள். சோப்புக் கம்பெனி, சின்ன சைஸ். சின்ன சைஸை மெஷின் மடிக்காது. அது இன்னும் விரல் வேலைதான். சீட்டில் அளவு இருந்தது, எண்ணிக்கை இருந்தது, கோட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஒட்டினால் மறுபடியும் திருட்டுத்தனம். ஒட்டாவிட்டால் பதினோரு பேர். பசை தடவுகிற அக்கா டீ குடிக்கப் போய்விட்டாள். யாரும் பார்க்கவில்லை. பத்து நிமிட வேலை.

அவள் சீட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். கதவைத் தட்டாமல் உள்ளேயே போய்விட்டாள்.

"இப்ப எந்தக் கேன் தீந்துபோச்சு?" என்றார் அவர்.

"சின்ன சைஸ் இன்னும் கைலதான் சார் மடிக்கிறாங்க. பட்டை ஒட்டணும். பத்து நிமிஷம் ஆகும்."

"யாரு கேட்டாங்க?"

"நான்தான் கேக்குறேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போனை அவள் பக்கம் தள்ளினார். "அந்த எஞ்சினியர் காதுலயே போடு. அவர் சரின்னா ஒட்டு. உன் மாமாகிட்ட சொல்லி டையும் செஞ்சுக்கோ. எஞ்சினியர் வேணாம்னா பட்டை இல்லாம மூச்சுவிடாம ஓட்டு."

அவள் போனை எடுத்தாள். ஒரு எண்ணைத் தப்பாக அழுத்திவிட்டு மறுபடி அழுத்தினாள். மணி அடித்தது. எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். எடுத்துவிட்டார்கள்.

"சார், பெட்டிப் பட்டறைலேர்ந்து மெஷின்ல நிக்கிறவ பேசுறேன்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சின்ன சைஸ், விரல், கோடு, பத்து நிமிஷம். எதை முதலில் சொன்னாள் எதைப் பிறகு சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தப் பக்கம் காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எவ்ளோ ஆழம் வேணும்?" என்று கேட்டார் எஞ்சினியர்.

"மடிக்கிறவங்களத்தான் சார் கேக்கணும்."

"லைன்லயே இருங்க. போய்க் கேட்டுட்டு வர்றேன்."

போனை எங்கோ வைக்கிற சத்தம். செருப்புச் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது. ஒரு கதவு திறந்தது. பல பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல் கேட்டது. யாரோ சிரித்தார்கள். வாசலில் மாமா ஈர முகத்தோடு வந்து நின்றிருந்தார். இன்னும் கோபம்தான், ஆனால் கையில் அளவுகோல் இருந்தது.

முதலாளி கடிகாரத்தைக் காட்டினார். "என்னம்மா சொல்றாங்க? மெஷின் சும்மா நிக்குது."

"இருங்க சார்," என்றாள். "கேட்டுக்கிட்டு இருக்காங்க."